மஞ்சள் குளித்த கூம்புச் சங்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். எதன்மேல் என்று கேட்பீர்கள். குலதெய்வத்தின்மேல் செய்து பார்த்தாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் இனி யாரும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இந்த முறை என் பல்செட்டின்மேல் செய்கிறேன். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும். ஒரு சொல் பொய்யானாலும் நாளைக் காலை அது என் வாயில் பொருந்தாமல் போகட்டும். எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இதற்குமேல் எதைப் பணயம் வைப்பான்?

என் பெயர் சின்னையா. பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்கு நேர் மேலே, நான்காவது மாடியில், அமுதவள்ளி என்ற பெண் வாடகைக்கு இருக்கிறாள். முப்பத்திரண்டு வயது. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. கல்லாகிப்போன கடல் சங்குகளைப் பார்த்து, இது இன்ன இனம் என்று சொல்லும் வேலை. அதிலும் எல்லாச் சங்கும் இல்லை. கூம்பு நத்தை என்று ஒரு பிராணி இருக்கிறது. அதன் ஓடு மட்டும்தான் அவள் இலாகா. ஐஸ்கிரீம் கோனைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

அவள் வேலை ஒப்பந்த வேலை. ஜூன் முப்பதோடு முடிகிறது. யாரும் பெயர் வைக்காத ஒரே ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்து எழுதினால் ஒப்பந்தம் நீளும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக நாலாயிரம் ஓடுகளைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் லிப்ட் கெட்டுப்போயிருந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நின்றபோது நான் சொன்னேன்: "கிள்ளான்ல என் கூட்டாளி வீட்டுல ஒன்னு இருக்கும்மா. கல்லாப் போனது. சாமியறையில உக்காந்திருக்கு."

"அங்கிள், போன வாரம்தான் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஒரு முதலை கார்டு தட்டிட்டு உள்ள போச்சுன்னு சொன்னீங்க."

"போச்சு. அதுல என்ன சந்தேகம்? கார்டுல காசு பத்தாம வெளிய வர முடியல, அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை என்னோடு கொமுட்டர் ரயிலில் ஏறினாள். ஒரு பெண் எவ்வளவு நம்பிக்கை இழந்திருந்தால் என் பேச்சை நம்பிக் கிள்ளானுக்கு வருவாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

கூட்டாளி என்றது குமரப்பன் செட்டியாரை. கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் தோட்டத்துக்கு அலங்காரக் கல் விற்கிறார். கல்லெல்லாம் ஜாவாப் பக்கமிருந்து கப்பலில் வரும். பதினோரு வருடத்துக்கு முன்னால் லோரியிலிருந்து இறக்கும்போது ஒரு வெள்ளைப் பாறை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து உள்ளங்கை நீளத்தில் இந்தச் சங்கு முழுசாக வழுக்கி வந்து அவர் காலடியில் நின்றது. விழவில்லை, நின்றது. மேசைமேல் காகிதம் பறக்காமல் வைக்க உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி சிவகாமி ஆச்சி பார்த்தார். "கல்லுக்குள்ள சங்கு பொறந்திருக்கு, இதப் போய் பேப்பர் மேல வைக்கிறாராம்" என்று சொல்லி அன்றைக்கே சாமியறையில் ஏற்றிவிட்டார்.

செட்டியாருக்கு அது வலம்புரியாக இருக்கவேண்டும் என்று ஆசை. சுழியோ எல்லாச் சங்கையும் போல மறுபக்கம்தான் சுற்றியிருந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. அதற்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். கண்ணாடியில் வலம்புரி. பதினோரு வருடமாக அவர் கும்பிட்டது கண்ணாடியைத்தான்.

அமுதவள்ளி அதைக் கையில் ஏந்திப் புரட்டிப் பார்த்தாள். பையிலிருந்து அளவு பார்க்கும் இடுக்கி ஒன்றை எடுத்தாள். நீளம் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர். தோள் எங்கே அகலம், உச்சிக் கோபுரம் எத்தனை உயரம், எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றின் விளிம்பிலும் கடுகு கடுகாக முடிச்சு இருக்கிறதா, வாய்ப்பிளவு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா அல்லது கீழே விரிகிறதா என்று ஒவ்வொன்றாக எழுதினாள். சம்பந்தம் பேச வந்த வீட்டார்கூட ஒரு பெண்ணை இவ்வளவு பார்ப்பதில்லை.

"இது உயிரோட இருந்தப்ப மீனைக் குத்திப் பிடிச்சுத் தின்னிருக்கும் ஆச்சி" என்றாள். "பல்லே ஊசி மாதிரி. உள்ள விஷம். இந்த வகையில சிலது குத்துனா மனுஷனே போயிடுவான்."

ஆச்சி சங்கைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "பதினோரு வருஷமா இந்த வீட்டுல இருக்கு. தகுதியான ஆள் இருந்தும் ஒன்னும் பண்ணல. நல்ல சாமி."

வடிவத்தை வைத்து மூன்று இனங்களில் ஒன்று என்று அமுதவள்ளி குறுக்கிவிட்டாள். அதற்குமேல் வடிவம் பேசாது. கூம்பு நத்தையின் முகம் அதன் ஓட்டில் இருக்கும் கோலம்தான். புள்ளியா, வரியா, வலையா என்பதுதான் இனத்தைச் சொல்லும். இதுவோ சுண்ணாம்புபோல வெளுத்து, லேசாக யானைத் தந்த நிறத்தில் இருந்தது. கோலம் போய் ஐந்து மில்லியன் வருடம்.

"போயிடல" என்றாள் அவள். "கண்ணுக்குத்தான் தெரியாது. சாயம் இருந்த எடத்துல அதோட மிச்சம் ஒட்டியிருக்கும். புற ஊதா லைட் அடிச்சா அந்த எடம் மட்டும் ஒளிரும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் பிளீச்ல ஊற வைக்கணும்."

ஆச்சியின் முகம் மாறியது. "எதுல?"

"பிளீச், ஆச்சி. அழுக்கெல்லாம் போக."

"கக்கூஸ் கழுவுறதுல சாமிய முக்குவியா? நீ படிச்ச பொண்ணு, வீட்டுக்கு வந்திருக்க, அதனால காப்பி தரேன். இல்லன்னா வாசலக் காட்டியிருப்பேன்."

கடைசியில் செட்டியார் பஞ்சாயத்து செய்தார். பிளீச் கிடையாது. வெளிச்சம் மட்டும் காட்டிக்கொள்ளலாம். மேருவிலிருந்து நீலத் தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லி, பகல் இரண்டு மணிக்குச் சாமியறை ஜன்னலை மூடினோம். விளக்கை அணைத்த சாமியறையில் நிற்கமாட்டேன் என்று ஆச்சி சமையலறைக்குப் போய்விட்டார். அந்த ஒளி கண்ணுக்குக் கெடுதல் என்பதால் அமுதவள்ளி மஞ்சள் கண்ணாடி இரண்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று செட்டியாருக்கு.

"அங்கிள், நீங்க கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. ப்ளீஸ்."

நின்றேன். டார்ச் 'டிக்' என்றது. உடனே திறந்துவிட்டேன். என்னிடம் மூடு என்று சொன்னதே தப்பு.

இருட்டில் சங்கு இல்லை. சங்கு இருந்த இடத்தில் இரண்டு வளையம் புள்ளிகள் அந்தரத்தில் நின்றன. எலுமிச்சைப் பச்சை. ஒவ்வொன்றும் உளுந்து அளவு. தோளைச் சுற்றி ஒரு வரிசை, இடுப்பைச் சுற்றி ஒரு வரிசை. சுவரிலிருந்த பல்லி இரண்டு கையையும் கூப்பியது. அதனால் கீழே விழுந்தது.

"ரெண்டு வரிசை" என்றாள் அமுதவள்ளி. "ரெண்டே வரிசை. அந்த மூணுலயும் இது இல்ல. எதுலயும் இல்ல." படம் எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "புதுசு, செட்டியார் அங்கிள். இது புதுசு."

வெளியே வந்ததும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இனத்துக்கு ஆச்சியின் பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னாள். "உலகம் முழுக்க புஸ்தகத்துல சிவகாமின்னு இருக்கும்." ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "இனிஷியலோட போடுவாங்களா?" என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் அமுதவள்ளி மடியில் கணினியை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள். ஷா ஆலம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று ஸ்டேஷன் வாயைத் திறக்காமல் வருவது எனக்கு மருத்துவ ரீதியாக ஆபத்து. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, அதுல ரெண்டு நிறம் இருந்துச்சே?"

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "நீங்க கண்ணை மூடல."

"அது வேற விஷயம். புள்ளியெல்லாம் எலுமிச்சை மாதிரி பச்சை. அதுக்கு அடியில, ரொம்ப மங்கலா, வேற ஒன்னு இருந்துச்சு. தணல் மாதிரி. அடுப்பு அணைஞ்சும் உள்ள கொஞ்சம் இருக்குமே, அப்படி."

"போட்டோல அப்படி ஒன்னும் இல்ல அங்கிள்."

"போட்டோ கருப்பு வெள்ளைதானே?"

"அப்படித்தான் எடுப்போம்."

"கண்ணாடி மஞ்சள்தானே?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். எரிச்சலும் களைப்பும் சேர்ந்த பார்வை. "நாளன்னைக்கு திங்கக்கிழமை இந்தக் கட்டுரையை அனுப்பணும். மூணு வருஷம் அங்கிள். ஒரே ஒரு தடவை எனக்கு அமைஞ்சிருக்கு. இதுல வந்து உங்க கதையைச் சேக்காதீங்க லா."

சேர்க்கவில்லை. கே.எல். சென்ட்ரல் வந்தது. கூட்டத்தோடு வெளியே நடந்தோம். அவள் பத்தடி முன்னால் போய், நின்று, திரும்பி வந்தாள்.

"சத்தியமா ரெண்டு நிறமா?"

"சத்தியமா."

"முதலை?"

"அதுவும் சத்தியம்தான். ஆனா இது அதைவிட சத்தியம்."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிறு முழுவதும் மேல்மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சமையலறை. பதினாலு கிலோமீட்டர் நடந்தாள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவள் அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிள்ளான். இந்த முறை லேபிலிருந்து நிறமே இல்லாத கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தாள், எனக்கும் சேர்த்து. தார்ப்பாய் ஏறியது. டார்ச் 'டிக்' என்றது.

இப்போது பச்சைக்கு அடியில் இருந்த தணல் அவளுக்கும் தெரிந்தது. பிறகு இருட்டிலிருந்தே கூப்பிட்டாள். "ஆச்சி! இந்தச் சங்குக்கு நீங்க என்னென்ன செய்வீங்க?"

சமையலறையிலிருந்து பெருமையாகப் பதில் வந்தது. "என்ன செய்ய? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நல்ல தண்ணியில குளிப்பாட்டுவேன். தொடைச்சு, சுத்திவர மஞ்சப் பொட்டு வைப்பேன்."

"எத்தனை வரிசை?"

"ரெண்டு. ஒத்தையா வைக்கக்கூடாது. சனிக்கிழமை ஈரத்துணியால எடுத்துடுவேன். ஒரு வெள்ளி தவறுனதில்ல. இவரு ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட வந்து வச்சிட்டுப் போனேன்."

செட்டியாருக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததற்காக வருத்தப்பட்டேன், அது எனக்கு அபூர்வம். பதினோரு வருடத்து மஞ்சள் அந்தச் சுண்ணாம்பு ஓட்டின் நுண்துளைக்குள் இறங்கியிருந்தது. ஒரே விரல், ஒரே இடம், வாரந்தோறும். கண்ணுக்கு யானைத் தந்த நிறம். அந்த ஒளியில் எலுமிச்சை நெருப்பு.

"ஆச்சி, கொஞ்சம் உள்ள வாங்களேன்" என்றாள் அமுதவள்ளி. "மஞ்சள்தானான்னு பாக்கணும். டப்பாவையும் எடுத்துட்டு வாங்க."

ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே இருட்டுக்குள் வந்தார். அமுதவள்ளி டார்ச்சை டப்பாவை நோக்கித்தான் திருப்பினாள். ஆனால் டப்பா மூடியிருந்தது. ஒளிர்ந்தது ஆச்சி.

காலையில் மஞ்சள் பூசிக் குளித்த முகம். கன்னம் இரண்டும், நெற்றியும், கழுத்தும், மஞ்சள் ஏறிய தாலிச் சரடும், புறங்கையும், பாதமும். இருட்டில் பச்சைப் பொன்னாக ஓர் உருவம் நின்றது. எழுபது வயதுக்காரி இல்லை அது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது ஒரு வினாடி எல்லோரும் பேச்சை நிறுத்துவோமே, அந்த வினாடி இங்கே நகராமல் நின்றுவிட்டது. நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். காலில் செருப்பே இல்லை.

செட்டியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கண்ணு கெட்டுடும் அங்கிள்" என்றாள் அமுதவள்ளி.

"கெடட்டும்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "நாப்பத்தொம்பது வருஷம். இப்படித்தான் நடமாடிக்கிட்டு இருந்திருக்கா. எனக்குத் தெரியல பாரு, சின்னையா."

"எதைத் தெரியல? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார் ஆச்சி. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனிகள் ஐந்தும் ஐந்து சுடராக இருந்தன. பொட்டு வைக்கும் மோதிர விரல்தான் எல்லாவற்றிலும் அதிகமாக எரிந்தது.

அமுதவள்ளி டார்ச்சை அணைத்தாள். தார்ப்பாயை நான் விலக்கினேன். பகல் வெளிச்சத்தில் அவள் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நான் கண்டுபிடிச்ச ஸ்பீஷீஸ் உங்க விரல்தான் ஆச்சி. அதுக்கு உங்க பேரை வைக்க இருந்தேன். எவ்ளோ பொருத்தம் பாருங்க."

விஷயம் புரிந்ததும் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அனுப்பிட்டியா?"

"இல்ல. அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். மஞ்சக்கறைக்குப் பேர் வச்ச பொண்ணுன்னு காலம் முழுக்க சொல்லுவாங்க."

"இப்ப என்ன செய்யணும்?"

"அடியில உண்மையான கோலம் இருக்கு. இந்த அங்கிள் சொன்ன மாதிரி மங்கலாத் தெரியுது. மஞ்சள் போனாதான் பாக்கமுடியும். அதுக்கு பிளீச் வேணும். நான் கேக்கல ஆச்சி. வேணாம்." பையை மூடினாள்.

ஆச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சக்கறைக்கு எதுக்குடி பிளீச்?" என்றார். "உங்க வீட்டுல துணி துவைக்கறதே இல்லையா? நல்ல வெயில்ல போட்டா மஞ்சள் தானா ஓடிடும். எந்தச் சேலையில நிக்குது?"

அமுதவள்ளியின் வாய் திறந்தபடி நின்றது. மூன்று பட்டம் வாங்கிய வாய்.

"சாமிக்கு சூரியனைக் காட்டறதுல தோஷமில்ல" என்று ஆச்சி தீர்ப்புச் சொன்னார். "அவரும் சாமிதான்."

வீட்டு வாசலில் ரம்புத்தான் மர நிழல். ஆகவே சங்கு மேருவுக்குப் போனது. கல் கிடங்கின் நடுவில், அலங்காரக் கற்களுக்கு மத்தியில், எவர்சில்வர் தட்டில் வைத்து, மணிக்கொரு முறை புரட்டிப் புரட்டி வெயிலில் காயவைத்தோம். பத்தொன்பது நாள். மே மாதம் கிள்ளானில் மத்தியானம் ஆனால் மழை கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பத்தொன்பது நாளும் கொட்டியது. தட்டு இருந்த எட்டடிக்கு எட்டடி இடத்தில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. நாலு பக்கமும் மழை சுவர்போல நிற்கும், நடுவில் வெயில். கிடங்கு ஆட்கள் துணி கொண்டுவந்து அதற்குள் உலர்த்திக்கொண்டார்கள். வானிலை இலாகாவுக்குப் போன் செய்து சொன்னேன். மனுவாக எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதவில்லை, நான் எழுத ஆரம்பித்தால் சேர்த்து எழுதிவிடுகிறேன் என்று ஒரு பயம்.

இருபதாவது நாள் மத்தியானம், கிடங்கிலேயே சாமான் அறையைத் தார்ப்பாயால் இருட்டாக்கி நாலு பேரும் உள்ளே போனோம். ஆச்சி அன்றைக்கு மஞ்சள் பூசாமல் வந்திருந்தார். அமுதவள்ளி கேட்டுக்கொள்ளவில்லை. ஆச்சியாகவே அப்படி வந்தார்.

'டிக்.'

பச்சை இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை போலத்தான் இருந்தது. பிறகு, கண் பழகப் பழக, தணல் எழுந்தது.

கூடாரம் கூடாரமாக முக்கோணங்கள். மலைத்தொடர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, உச்சியிலிருந்து அடிவரை, சுற்றிச் சுற்றி. பெரிய முக்கோணத்துக்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. ஆயிரமா இரண்டாயிரமா தெரியாது. இரண்டு முக்கோணம் ஒன்றுபோல் இல்லை. ஆனால் ஒன்றுகூடத் தவறான இடத்தில் இல்லை. ஆரஞ்சு நிறத்தில், உள்ளிருந்து யாரோ ஊதி ஊதிக் கனியவைப்பதுபோல எரிந்தது.

"இது வரையறப்ப அதுக்குக் கோலம் தெரியாது" என்றாள் அமுதவள்ளி. கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். "ஓட்டோட விளிம்புலதான் வளரும். கொஞ்சம் கொஞ்சமா ஒரு ஓரம் வைக்கும், சாயம் போடும். முழுசையும் அது ஒருநாளும் பாத்ததில்ல. யாருமே பாத்ததில்ல." டார்ச்சை நகர்த்தினாள். "இங்க பாருங்க."

இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் கோலம் கோணிப்போயிருந்தது. நகக்கீறல்போல ஒரு தழும்பு.

"நண்டு. ஓட்டை ஒடைக்கப் பாத்திருக்கு. விளிம்பு ஒடைஞ்சிருச்சு. அது தப்பிச்சு, ஒடைஞ்ச எடத்தை மறுபடி கட்டியிருக்கு. இங்க கோடு தடுமாறுது பாருங்க. ஒன்னு, ரெண்டு, மூணு... நாலாவது முக்கோணத்துல பழையபடி சரியாயிடுச்சு."

ஐந்து மில்லியன் வருடத்துக்கு முன் ஒரு நாள். மேரு இல்லை, கிள்ளான் இல்லை, பேர் வைக்க மனிதன் இல்லை. ஒரு நண்டு கடித்தது. ஒரு நத்தை நாலாவது முக்கோணத்தில் சரிசெய்துகொண்டு மேலே வரைந்தது. அது மட்டும் நடந்தது. அதை நாங்கள் நாலு பேர், சிமென்ட் மூட்டைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. கால் விரலில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் கணுக்கால் அளவு. அலை சிறியதாக வந்து போயிற்று. செட்டியாரின் வேட்டி விளிம்பு நனைந்து ஒட்டியது. நான் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. ஏதோ ஒன்று வழவழவென்று என் குதிகாலை உரசிக்கொண்டு போனது. மரியாதையாக இருக்கட்டும் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. டார்ச் அணைந்ததும் தரை காய்ந்திருந்தது. வேட்டி காயவில்லை. ஏர்கான் ஒழுகியிருக்கும் என்றாள் அமுதவள்ளி. அந்த அறையில் ஏர்கான் கிடையாது.

அவள் மடிக்கணினியைத் திறந்து பழைய புத்தகத்தின் பக்கம் ஒன்றைத் தேடி எடுத்தாள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன் யாரோ மசியால் வரைந்த உடைந்த ஓடு. அதில் கட்டைவிரல் அகலத்துக்குக் கோலம். அதே கூடாரம். தோள் முடிச்சைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், மறுபடி கோலத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு நீளமான லத்தீன் பெயரைச் சொன்னாள். எனக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை, பல்செட் இடித்தது.

"அப்ப இது புதுசு இல்லையா?" என்றார் ஆச்சி.

"இல்ல ஆச்சி. பேர் ஏற்கெனவே இருக்கு. அந்த மூணுல ரெண்டாவது."

"என் பேரு?"

"போச்சு."

ஆச்சி அவள் பக்கம் திரும்பினார். "அது போகட்டும். உன் வேலை?"

அமுதவள்ளி டார்ச்சை இன்னொரு முறை போட்டாள். வேலைக்காக இல்லை. அந்த நாலாவது முக்கோணத்தைப் பார்க்க.

சிவகாமி என்று பெயரிட்ட கட்டுரையை அவள் அழித்துவிட்டாள். வேறொன்று எழுதினாள்: பழைய இனம், உடைந்த துண்டால் மட்டுமே அறியப்பட்டது, இப்போது முதல்முறையாக முழுக் கோலத்தோடு. மஞ்சள் கதையையும் ஒளிக்காமல் எழுதினாள். பேராசிரியர் படித்துவிட்டு, நான் கேட்டது புது இனம் அல்லவா என்றாராம். கேட்டது அதுதான், இருப்பது இதுதான் என்று இவள் சொன்னாளாம். ஜூன் இருபத்தெட்டாம் தேதி, ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிக் கடிதம் கொடுத்தார். ஆறு மாதம் என்பது ஒரு நத்தைக்கு நல்ல காலம்.

சங்கு மறுபடி சாமியறையில் இருக்கிறது. மஞ்சள் இல்லை, பூ மட்டும். அதற்கு எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் செட்டியார் எடுத்துவிட்டார்.

கட்டுரை போன மாதம் அச்சில் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். வெயில் வைத்தியத்துக்காகத் திருமதி சிவகாமி குமரப்பன், இனிஷியலோடு. அடுத்த வரி: பச்சை ஒளியையும் ஆரஞ்சு ஒளியையும் வெறுங்கண்ணால் முதலில் பிரித்துக் கண்டவர், பிரிக்பீல்ட்ஸ் திரு. சின்னையா. அமுதவள்ளி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரில் மாட்டியிருக்கிறேன்.

1969-இல் ரயில்வே சிக்னல் வேலைக்கு நான் மனுப் போட்டபோது, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எதையும் இவரால் பிரித்தறிய முடியாது, பிறவியிலிருந்தே இப்படி, என்று அரசாங்க மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்.